கோடு போட்ட ஒன்பது கற்கள்

தேங்காய்ப்பட்டணம்
கொல்லம் 1123, ஆனி 14 (1948)

அய்யா துணை.

தம்பி வைகுண்டராஜனுக்கு அக்கா சொர்ணம்மாள் எழுதுவது.

நீ செய்த தப்பு இது. நம் ஓட்டலில் இலை பறக்காமல் இருக்க வைக்கிற கற்களில் ஒன்பதை எடுத்து, அவற்றின் அடியில் உளியால் கோடு போடச் செய்தாய். அந்த ஒன்பதையும் ஞானதாசனுக்கும், அவனைப் போல் சுங்கச் சவுக்கையில் மூட்டை சுமக்கிற அவன் ஆட்களுக்கும் என்று ஒதுக்கினாய். அவர்கள் தொட்ட கல்லை மற்றவர்கள் தொட வேண்டாம் என்று இதைச் செய்தாய். என்னிடம் கேட்கவில்லை. கேட்டால் நான் சம்மதிக்கமாட்டேன் என்று தெரிந்துதான் கேட்கவில்லை.

சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியாது. நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயர்களைப் பார்த்து, அடுப்புக்கரியால் சுவரில் எழுதிப் படித்தவள். உன்னை ஏழாம் வகுப்பு வரை படிக்க வைத்தது அந்த அடுப்புதான்.

கடை எப்படி வந்தது என்பது உனக்கு மறந்திருக்கும். திருவிதாங்கூர் எல்லை ஆரல்வாய்மொழியோடு முடிகிறது. எல்லைச் சவுக்கையில் வண்டிகளை நிறுத்தி மூட்டைகளை அவிழ்த்துப் பார்ப்பார்கள். வண்டிக்காரர்கள் வெயிலில் காத்துக் கிடப்பார்கள். உன் அத்தான் இறந்த மறுவருஷம், கொல்லம் 1098-இல், அவர்களுக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டு விற்க உட்கார்ந்தேன். பிறகு சோறு. ஆனி ஆடியில் கணவாய்க் காற்று வந்தபோது சோறு இலையோடு பறந்தது. ஒரு வண்டிக்காரர் தன் இலையைத் துரத்திக்கொண்டு எல்லைக்கு அந்தப் பக்கம் ஓடிப்போனார், "சுங்கம் கட்டாமலே போகுது பாருங்க" என்று எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மயிலாடிக்கு நடந்துபோனேன். சிற்பவேலை செய்கிற சுடலையாண்டி, சிலை கொத்தி மிஞ்சிய துண்டுகளை வழவழப்பாகத் தேய்த்து நாற்பது கல் கொடுத்தார். ஒரு இலைக்கு ஒரு கல். சாப்பிட்டு முடித்தவர் தன் கல்லைத் தானே எடுத்துத் தொட்டித் தண்ணீரில் போடவேண்டும். எல்லாக் கல்லும் ஒரே தொட்டியில் கிடக்கும். அடுத்தவருக்கு எது கைக்கு வருகிறதோ அது. இருபத்தைந்து வருஷம் இதுதான் நம் கடையின் முறை. வேறு முறை நான் வைக்கவில்லை.

ஞானதாசன் கல்லைத் திருப்பிப் பார்த்த அன்று நடந்ததை நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

"மொதலாளி, மூணு நாளா எனக்கு இந்தக் கோட்டுக் கல்லாக்கும் வருது. என்ன, எனக்க பேரு எழுதியிருக்கா?" என்றான். அவன் சிரித்துக்கொண்டேதான் கேட்டான். பிறகு பக்கத்தில் இருந்த பஸ் பிரயாணியின் கல்லை எடுத்து, அதன் அடியைப் பார்த்தான். அந்த ஆள் இலையை விட்டு எழுந்துவிட்டார்.

நீ சொன்னாய்: "ஏலே, ஒனக்கு வச்ச கல்லோட இருக்கமாட்டியா? எந்திரிச்சு வெளிய போலே!"

பாதிச் சோறு இலையில் இருந்தது. இருபது வருஷம் அந்த பெஞ்சில் உட்கார்ந்தவன் அவன். எல்லோருக்கும் கோயில் கதவைத் திறந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. வெள்ளைக்காரன் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நீ இப்போதுதான் கோடு போடுகிறாய்.

மறுநாள் காலை பஸ்ஸில் நான் ஏறியபோது அந்த ஒன்பது கல்லும் என் மூட்டையில் இருந்தன. மூட்டையைத் தூக்கி வைத்த கண்டக்டர், "என்ன ஆச்சி, மலையப் பேத்தெடுத்துக் கொண்டு போறியளா?" என்றான். இங்கே உன் அத்தானின் பழைய வீட்டில் இருக்கிறேன். கூரை ஒழுகவில்லை.

சொர்ணம்மாள்


ஆரல்வாய்மொழி
20-7-1948

அன்புள்ள அக்காவுக்கு வைகுண்டராஜன் எழுதுவது. நலம். வீட்டுக்காரி செல்லத்தாயும் நலம்.

கடிதம் கிடைத்தது. என்னைக் கொலைகாரனைப் போல் எழுதியிருக்கிறாய். நான் தட்டி கட்டி மறைத்தேனா? யாரையாவது முற்றத்தில் உட்காரவைத்தேனா? ஒரே பெஞ்ச், ஒரே சோறு, ஒரே குழம்பு. கல்லின் அடியில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில் ஒரு கோடு. அவ்வளவுதான்.

வண்டிக்காரர்களின் காலம் போய்விட்டது, அக்கா. இப்போது பஸ்ஸில் வருகிறவர்கள்தான் கடையை நடத்துகிறார்கள். அவர்கள் முகம் சுளிக்கிறார்கள். டிரைவர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "ஓய், எல்லைக்கு அந்தப் பக்கம் புது ஓட்டல் ஒண்ணு வந்திருக்கு. தனி ரூம் வச்சிருக்கான். பஸ்ஸில வாற ஆளுக அங்க நிறுத்தச் சொல்லுதானுவ. நீரு என்ன செய்யப் போறீரு?" நீ அடுக்களையில் இருந்தாய். இந்தப் பேச்சையெல்லாம் கேட்டு நின்றது நான். நீ உண்டாக்கிய கடையைக் காப்பாற்ற இருக்கிற வழிகளில் சின்ன வழி எதுவோ அதைச் செய்தேன்.

காற்று முழு மூச்சில் அடிக்கிறது. ஒன்பது கல் குறைந்ததில் ஒன்பது இலை அல்லாடுகிறது. நேற்று ஒரு இலை ரசத்தோடு எழும்பி ஒரு வாத்தியாரின் நெஞ்சில் போய் ஒட்டிக்கொண்டது. எல்லோரும் சிரித்தார்கள். இப்போதைக்கு ஓட்டுத்துண்டுகளை வைக்கிறேன். அவை வழுக்குகின்றன.

கற்களைக் கொடுத்தனுப்பு. கோட்டைத் தேய்த்து அழித்துவிடுகிறேன். நீயும் வா. செல்லத்தாயின் புளிக்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் "அக்கா எங்க?" என்றுதான் கேட்கிறார்கள். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுகிறாள்.

வைகுண்டராஜன்


தேங்காய்ப்பட்டணம்
கொல்லம் 1123, ஆடி 20 (1948)

அய்யா துணை.

தம்பிக்கு.

கோட்டை அழிக்க நான் விடமாட்டேன். அழித்தால் எது எந்தக் கல் என்று தெரியாமல் போகும். பத்து வருஷம் கழித்து, அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று நீயே சொல்வாய். கோடு இருக்கட்டும். கல் என்னிடம் இருக்கட்டும்.

சின்னக் கோடு என்கிறாய். நம்முடைய அப்பா பிறந்த காலத்தில் நம் ஆட்களாலும் எந்தக் கிணற்றிலும் குனிந்து நீர் எடுக்க முடியாது. சாமிதோப்பில் எல்லோருக்கும் பொதுவான கிணற்றில் குளித்துவிட்டு, எல்லோரோடும் உட்கார்ந்து உண்ட கதையைச் சொல்லும்போது அவர் தலைப்பாகையைச் சரிசெய்துகொள்வார். அந்த ஊர்ப்பேரை ராஜா பேரைச் சொல்வதைப் போலச் சொல்வார். அந்தக் கதையைக் கேட்டுத்தான் நீ தூங்குவாய். நமக்கு யாரோ போட்ட கோடு அழிந்து எத்தனை நாள் ஆயிற்று என்று இன்னொருவனுக்குக் கோடு போட உளி தேடினாய்?

செல்லத்தாயிடம் சொல். புளிக்குழம்பில் வெந்தயத்தைக் கடைசியில் வறுத்துப் பொடித்துப் போடவேண்டும். முதலில் போட்டால் கசக்கும். அவள் அழ வேண்டியதில்லை.

ஞானதாசன் அந்த பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்ட அன்றைக்கு எழுது. அன்றுதான் நான் வருவேன். அதுவரை நான் ஆரல்வாய்மொழி மண்ணை மிதிக்கமாட்டேன். நீயும் இங்கே வரவேண்டாம்.

சொர்ணம்மாள்


ஆரல்வாய்மொழி
3-2-1951

அன்புள்ள அக்காவுக்கு.

இரண்டரை வருஷத்தில் நான் எழுதிய ஆறு கடிதங்களுக்கும் பதில் இல்லை. கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாமா?

சுங்கம் போய்விட்டது. ஆனால் அரிசி எல்லை கடக்காமல் பார்க்க பஸ்களை இன்னும் நிறுத்துகிறார்கள். அந்த இருபது நிமிஷத்தில்தான் நம் கடை உயிரோடு இருக்கிறது. மயிலாடியிலிருந்து ஒன்பது புதுக்கல் வாங்கினேன். அவற்றில் கோடு இல்லை. யாருக்கும் தனிக்கல் இல்லை. இதை நீ நம்பவேண்டும். ஞானதாசனைக் கூப்பிட ஆள் அனுப்பினேன். அவன் வரவில்லை. அதற்கு நான் என்ன செய்ய?

இனி ஒன்று எழுதுகிறேன். எழுதக்கூடாது என்று இவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்தேன்.

அன்று ஞானதாசனை நான் எழுந்திருக்கச் சொன்னபோது அவன் உடனே எழுந்திருக்கவில்லை. அடுக்களைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டான். "அக்கா" என்றான். நீ வரவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டான். மூன்றாம் முறை, "அக்கா, இஞ்ச பாரும்" என்றான். கதவு திறந்துதான் இருந்தது. அகப்பையோடு நீ நின்றது எனக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்தது. நீ ஒரு எட்டு வெளியே வந்து "ஏலே வைகுண்டராஜா" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் நான் வாயை மூடியிருப்பேன். என்றைக்கு நான் உனக்கு எதிரே பேசியிருக்கிறேன்? நீ வரவில்லை. அதன் பிறகுதான் அவன் எழுந்தான்.

கேட்டுக்கொண்டுதான் இருந்தேன் என்று நீயே எழுதினாய். எங்கே நின்று கேட்டாய் என்று எழுதவில்லை.

வைகுண்டராஜன்


தேங்காய்ப்பட்டணம்
கொல்லம் 1129, மாசி 18 (1954)

அய்யா துணை.

தம்பிக்கு.

செல்லத்தாய்க்கு இடுப்புவலி என்று கேள்விப்பட்டேன். நொச்சித்தழை வேகவைத்த தண்ணீர் ஊற்று. குனிந்து அம்மி அரைக்க விடாதே.

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. மண்டைக்காட்டு அம்மன் கொடைத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் ஒரு வாரமாகப் பொங்கல் பானையோடு கடற்கரை வழியாகப் போகிறார்கள். சிலர் வந்து தண்ணீர் கேட்டுக் குடிக்கிறார்கள். நேற்று ஒரு குடும்பம் முற்றத்து மரநிழலில் உட்கார்ந்தது. ஏழு பேர். என்னை அறியாமல் ஏழு இலை நறுக்கிவிட்டேன். உள்ளேபோய் உலையைப் பார்த்தால் ஒரு ஆளுக்குத்தான் அரிசி போட்டிருக்கிறேன். வெளியே வருவதற்குள் அவர்கள் போய்விட்டார்கள். ஏழு இலையும் ஆட்டுக்குப் போயிற்று.

மீன் விற்கிற விக்டோரியா பக்கத்துக் குடிசையில் இருக்கிறாள். நான் மீன் வாங்குவதில்லை. ஆனாலும் தினம் வந்து கூடையை இறக்கிவைத்து இளைப்பாறிவிட்டுப் போகிறாள். நான் உண்ணும்போது பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அக்கச்சி, ஒற்றைக்கு உண்ணுத இலைக்கு எதுக்காக்கும் கல்லு? அகத்து ஒரு காத்தும் இல்லல்லோ?"

பழக்கம் என்றேன்.

"கல்லு நம்மகிட்ட மிண்டுமா?" என்று கேட்டுச் சிரித்தாள். மிண்டுவது என்றால் இங்கே பேசுவது. நானும் சிரித்தேன். அவள் போன பிறகு கல்லை எடுத்து உறியில் வைத்தேன். மறுநாள் மறுபடியும் இலையில் வைத்தேன்.

ஒன்பது கல்லையும் மாற்றி மாற்றி வைக்கிறேன். நான் இங்கே வந்த நாள் முதல் கோடு இல்லாத கல் எதையும் என் இலையில் வைக்கவில்லை.

நீ மூன்று வருஷத்துக்கு முன்பு எழுதியதற்குப் பதில் எழுத நாலு தடவை உட்கார்ந்தேன். இது ஐந்தாவது தடவை. இதிலும் எழுதவில்லை.

சொர்ணம்மாள்


ஆரல்வாய்மொழி
14-11-1956

அன்புள்ள அக்காவுக்கு.

நம் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது உனக்கும் தெரிந்திருக்கும். இங்கே கொடி ஏற்றினார்கள், மிட்டாய் கொடுத்தார்கள். நானும் கைதட்டினேன். மறுநாள் காலையில் ஐம்பது பேருக்கு உலை வைத்துவிட்டு வாசலில் நின்றேன். பஸ் வந்தது. நிற்கவில்லை. டிரைவர் கையை மட்டும் ஆட்டினார். எல்லை இப்போது களியக்காவிளையில் இருக்கிறது. இங்கே நிறுத்திப் பார்க்க ஒன்றும் இல்லை. சவுக்கையின் குறுக்குக்கம்பைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். கோழி ஏறி நிற்கிறது.

இரண்டு வாரமாகக் கடையில் நானும் செல்லத்தாயும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். யாருக்குப் பயந்து கோடு போட்டேனோ அவர்கள் ஒருவரும் இல்லை. ஒருவர்கூட இறங்கி, "கடை என்ன ஆச்சு?" என்று கேட்கவில்லை.

சவுக்கை போனதோடு ஞானதாசனுக்கும் சுமை இல்லாமல் போயிற்று. நேற்று நானே அவன் வீட்டுக்குப் போனேன். ஆள் அனுப்பவில்லை. எட்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. தலை நரைத்துவிட்டது. வேலிப்பக்கம் ஓலை முடைந்துகொண்டிருந்தான். அவன் மனைவி தங்கபாய் என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"ஞானதாசா, தப்பு எனக்க மேலயாக்கும். கடைக்கு வா," என்றேன்.

அவன் முடைவதை நிறுத்தவில்லை. "இப்பம் கடையில ஆளு இல்லியோ, மொதலாளி?"

செருப்பால் அடித்ததுபோல் இருந்தது. "ஆளு இல்லதான். அதுக்காட்டு கூப்பிடல்ல," என்றேன்.

"பின்ன எதுக்கு? ஆளு இருந்தப்பம் வந்திருந்தா நம்பியிருப்பேன்." ஒரு வரிசை முடைந்து முடித்துவிட்டுத்தான் மறுபடி பேசினான். "எட்டு வருஷமாட்டு ரோட்டுக்க அந்தப் பக்கமாட்டுதான் நடக்கேன். இந்தப் பக்கம் திரும்புனா எனக்க காலுக்கே வழி தெரியாது."

நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்லவில்லை. அது சரிதான். கடைசியில் அவனே கேட்டான்: "அக்கா எங்க?"

நீ போட்ட சபதத்தைச் சொன்னேன். அவன் வந்து சாப்பிட்டால்தான் நீ வருவாய் என்றேன்.

அவன் முதல் தடவையாக ஓலையைக் கீழே வைத்தான். "அது நல்ல காரியமாட்டு இருக்கே. நான் கூப்பிட்டப்பம் அவிய வரல்ல. இப்பம் நான் போய் உண்டாத்தான் அவிய வருவாவளோ? என்னை எழுப்பிவிட்டது நீரு. நான் கூப்பிட்டது அவியளயாக்கும். அவிய முதல்ல வரட்டும். பொறவு பாப்பம்."

இவ்வளவுதான். உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டேன். நீ அவனுக்காகக் காத்திருக்கிறாய். அவன் உனக்காகக் காத்திருக்கிறான். நான் இரண்டு பேருக்கும் இடையில் காலிக்கடையைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன். மாசத்தோடு கடையை அடைத்துவிடலாம் என்று செல்லத்தாய் சொல்கிறாள். நீ ஒரு வார்த்தை எழுது.

வைகுண்டராஜன்


தேங்காய்ப்பட்டணம்
கொல்லம் 1132, கார்த்திகை 9 (1956)

அய்யா துணை.

தம்பி வைகுண்டராஜனுக்கு அக்கா சொர்ணம்மாள் எழுதுவது.

நீ செய்த தப்பை முதல் கடிதத்தில் எழுதினேன். நான் செய்தது இது.

அவன் என்னை மூன்று தடவை கூப்பிட்டான். நீ எழுதியது சரி. அகப்பை என் கையில் இருந்தது. முதல் தடவை கூப்பிட்டபோது, நீ பார்த்துக்கொள்வாய் என்று நினைத்தேன். இரண்டாம் தடவை கதவு வரை வந்தேன். பெஞ்சுகளில் முப்பது பேர் என் முகத்தைப் பார்க்கக் காத்திருந்தார்கள். அவர்கள் எல்லோரும் எழுந்து போய்விட்டால் என்ன ஆகும் என்று நினைத்தேன். நீ எதை நினைத்து உளி தேடினாயோ, அதையேதான் நானும் அந்த நேரத்தில் நினைத்தேன். மூன்றாம் தடவை கூப்பிட்டபோது குழம்பைக் கிண்டினேன். அடிப்பிடிக்கிற குழம்பு இல்லை. சும்மா கிண்டினேன்.

மறுநாள் காலையில் கோபித்துக்கொண்டு புறப்பட்டேன். உன்மேல் கோபம் உண்மைதான். இன்றும் குறையவில்லை. ஆனால் அந்த பஸ் அவன் வீட்டு வழியாகத்தான் போயிற்று. தங்கபாய் வேலியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். நான் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அவன் உண்டால்தான் வருவேன் என்று சபதம் போட்டது, அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லாததால்தான். எட்டு வருஷமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல இங்கே ஆளும் இல்லை. விக்டோரியாவிடம் ஒரு நாள் பாதி சொன்னேன். அவளுக்குக் கூடையைத் தூக்க நேரமாகிவிட்டது.

நான் முதலில் வரட்டும் என்று ஞானதாசன் சொன்னதே எனக்குப் போதும். இனி நடக்கவேண்டியதை எழுதுகிறேன். இதில் ஒன்றைக்கூட மாற்றாதே.

நீ கடையை அடைக்கக்கூடாது. பஸ் நின்றாலும் நிற்காவிட்டாலும் வருகிற திங்கட்கிழமை உலை வைக்கவேண்டும். எத்தனை பேருக்கு என்று செல்லத்தாய் கேட்டால் முப்பது பேருக்கு என்று சொல். அன்று அத்தனை பேர்தான் இருந்தார்கள்.

செல்லத்தாய் குனிந்து வேலை செய்யவேண்டாம். அரிசி களைந்து வைத்தால் போதும். குழம்பு நான் வைக்கிறேன்.

நான் காலை பஸ்ஸில் வருகிறேன். ஆரல்வாய்மொழியில் நிறுத்தமாட்டேன் என்று டிரைவர் சொன்னால் தோவாளையில் இறங்கி நடப்பேன். அறுபத்தாறு வயது ஒன்றும் பெரிய வயது இல்லை. நீ வண்டி பிடித்துக்கொண்டு எதிரே வரவேண்டாம். மூட்டையை நானே சுமக்கவேண்டும்.

முதலில் நான் கடைக்கு வரமாட்டேன். ஞானதாசன் வீட்டுக்குப் போவேன். நீ கூட வரக்கூடாது. வாசலில் நின்று மூன்று தடவை அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். அவன் வந்தாலும் வராவிட்டாலும் அதற்குமேல் கூப்பிடமாட்டேன். தங்கபாய் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன்.

பிறகு கடைக்கு வருவேன். நீ இலை போடவேண்டும். அவன் உட்காருகிற இடத்தில் ஒரு இலை, பக்கத்தில் எனக்கு ஒரு இலை, எதிரே உனக்கு ஒரு இலை. கார்த்திகையில் காற்று இல்லை என்று சொல்லாதே. கல் வைக்கவேண்டும். நான் கொண்டுவருகிற கோட்டுக் கல்லை என் இலையிலும் உன் இலையிலும் நீ உன் கையால் வைக்கவேண்டும். அவன் இலைக்குத் தொட்டியிலிருந்து கோடு இல்லாத கல்லை எடுத்து வை. மீதி ஏழும் தொட்டியில் மற்றவற்றோடு கிடக்கட்டும். அழிக்கக்கூடாது. யாராவது திருப்பிப் பார்த்து, இது என்ன கோடு என்று கேட்டால், நீ இருந்தால் நீயும் நான் இருந்தால் நானும் நடந்ததைச் சொல்லவேண்டும்.

ஞானதாசன் எதுவும் செய்யவேண்டியதில்லை.

அவன் வராவிட்டால் அவன் இலையை எடுக்காதே. சோறு பரிமாறு. கல் அதன் மேல் இருக்கட்டும். நாம் இரண்டு பேரும் உண்ணாமல் உட்கார்ந்திருப்போம். அதற்கு மறுநாளும் நீ இலை போடவேண்டும்.

சொர்ணம்மாள்